பன்னிரண்டு வயசுல என் மகள் எம்.பி. ஆன கதை (ஓரியன்டியரிங் தெரிஞ்சவங்க வாங்க)

சேலத்துக்காரன்
ஞாயிறு, இரவு 8:40

வணக்கம்ங்க. ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) வந்து ஆறு வருஷம் ஆச்சு. இந்தத் தளத்துல இதுவரைக்கும் இட்லி அரிசி எங்க கிடைக்கும்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். இன்னிக்குக் கொஞ்சம் கோபத்தோட வந்திருக்கேன்.

காலைல ஊருக்குத் தெற்கே கிளிப்ரிவியர்ஸ்பெர்க் மலைப் பூங்காவுல பசங்களுக்கான ஓரியன்டியரிங் போட்டி. தெரியாதவங்களுக்கு: கைல ஒரு மேப்பும் காம்பஸும் கொடுத்து மலையில விட்டுடுவாங்க. மேப்ல ஊதா வட்டம் போட்ட இடங்கள்ல எல்லாம் ஆரஞ்சும் வெள்ளையுமா ஒரு கொடி தொங்கும். அது பக்கத்துல சின்னப் பெட்டி. விரல்ல மாட்டியிருக்கிற சிப்பை அதுல நுழைச்சா 'பீப்'னு சத்தம் வரும், விளக்கு மின்னும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசைப்படி எல்லாத்தையும் தொட்டுட்டுச் சீக்கிரம் திரும்பி வர்றவங்க ஜெயிச்சவங்க. எந்த வழியாப் போகணும்கிறது அவங்கவங்க இஷ்டம்.

என் பொண்ணு டபிள்யூ 12, அதாவது பொம்பளப் பிள்ளைங்களோட 12 வயசுப் பிரிவு. முதல் போட்டி. ஒன்பது கன்ட்ரோல் (கொடி தொங்கற இடத்துக்கு அதுதான் பேரு), ரெண்டு கிலோமீட்டர் சொச்சம். முகமெல்லாம் செம்மண்ணா, மூச்சு வாங்க ஓடி வந்தா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு ரிசல்ட் ஒட்டினாங்க. எல்லார் பேருக்கு நேராவும் நேரம் போட்டிருக்கு, இவ பேருக்கு நேரா 'எம்.பி.'ன்னு ரெண்டே எழுத்து. 'பரவால்லயே, பன்னிரண்டு வயசுலயே பார்லிமென்ட்டுக்கு அனுப்பிட்டாங்க'ன்னு சிரிச்சுட்டே போய்க் கேட்டா, 'மிஸ்பஞ்ச்' ஆம். அஞ்சாவது கன்ட்ரோலை அவ தொடவே இல்லையாம், அதனால தகுதி நீக்கம்.

மெஷின் கோளாறுன்னு நான் அடிச்சுச் சொல்றேன். அந்த பீப் சத்தத்தை என் காதாலயே கேட்டேன். லேப்டாப் முன்னாடி உக்காந்திருந்தவங்க கம்ப்யூட்டரைக் காட்டறாங்களே ஒழிய நான் சொல்றதைக் காதுலயே வாங்கல. பொண்ணு வீட்டுக்கு வர்ற வழி பூரா ஒரு வார்த்தை பேசல. இதுக்கு மேல்முறையீடு மாதிரி ஏதாவது உண்டுங்களா?

---

லெனேசியா குமார்
ஞாயிறு, இரவு 8:58

மேல்முறையீட்டை அப்புறம் பார்ப்போம். பன்னிரண்டு வயசுப் பொம்பளப் பிள்ளையை அந்தக் காட்டுல தனியா விட்டீங்களா? நான் லெனேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவன். பட்டப்பகலில் பூங்காவில் நடந்தவனிடம் போனும் ஷூவும் உருவின கதை எனக்கே நாலு தெரியும். பாம்பு வேற. நாங்க அந்த மலைக்குப் போனா பத்துப் பேர் சேர்ந்துதான் போவோம், வரிக்குதிரை பார்த்தோம், திரும்பினோம், பிராய் (கறி சுடறது) போட்டோம், அவ்வளவுதான்.

---

கோப்பி நரி
ஞாயிறு, இரவு 9:15

அங்கிள், நான் பிரிட்டோரியாவில் படிக்கிறேன். ஸ்கூல் லீக் நாளிலிருந்து எட்டு வருஷமா இதுதான் ஓடறேன். என் தமிழ் அம்மா சொல்லிக் கொடுத்த தமிழ், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். எல்லாம் முடிஞ்சு சாயங்காலம் கொடியும் பெட்டியும் கழட்டிக்கிட்டு வந்த ஆளுங்களில் நான் ஒருத்தி. அஞ்சாம் நம்பர் பெட்டி நல்லாத்தான் இருந்தது. அதே பெட்டியை மத்த பிள்ளைங்களும் தொட்டிருக்காங்க.

ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு. மேப்போட ஒரு குறிப்புச் சீட்டு வரும், எட்டுக் கட்டம் போட்டது. அதில் ரெண்டாவது கட்டத்தில் இருக்கிற நம்பரும் பெட்டியில் இருக்கிற நம்பரும் ஒண்ணுதானான்னு பார்த்துட்டுத்தான் சிப்பை நுழைக்கணும். ஒரே மலையில் ஏழெட்டுப் பிரிவு ஓடும், அவங்கவங்களுக்குத் தனித்தனிக் கொடி. ஆரஞ்சா எது தொங்கினாலும் நம்மோடது ஆயிடாது. இந்த நம்பர் 31இல் இருந்துதான் ஆரம்பிக்கும், அதனால் ஒண்ணு ரெண்டுங்கிற வரிசை எண்ணோட குழம்பாது. தலைகீழாப் பார்த்தா மாறிப் போகிற 66, 68, 86, 89 மாதிரி எண்களை வைக்கவே கூடாதுன்னு உலக விதியிலேயே இருக்கு. அவ்வளவு யோசிச்சிருக்காங்க.

முடிச்சதும் ஒரு சின்ன பிரின்ட் சீட்டு கொடுத்திருப்பாங்களே, ஸ்பிளிட் சீட்டு, ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அதில் இருக்கும். அதை இங்கே அப்படியே அடிச்சுப் போடுங்க.

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். உங்க பொண்ணு மலையில், நீங்க ஃபினிஷில். பீப் சத்தம் உங்க காதுக்கு எப்படிக் கேட்டுச்சு?

---

சாட்ஸ்வர்த் பெரியம்மா
ஞாயிறு, இரவு 9:31

பிள்ளைகளே, இந்த விளையாட்டுக்குத் தமிழ்ப் பெயர் கிடையாதா? நான் டர்பனில் தமிழ்ப் பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்தவள். 'திசையறி ஓட்டம்' என்று சொல்லலாமே.

மேப்பைப் பற்றி ஒன்று. என் தகப்பனார் நார்த் கோஸ்ட்டில் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே மேட்டில் கரும்பு நடும்போது நேராக மேலிருந்து கீழே வரிசை போட மாட்டார்கள், மழை மண்ணை அடித்துக்கொண்டு போய்விடும். மேட்டைச் சுற்றி ஒரே உயரத்தில் கரை கட்டி, அந்தக் கரையை ஒட்டி நடுவார்கள். 'காண்டூர்' என்பார் அப்பா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டிராக்டர் போகிற அந்தப் பாதையைப் பிடித்தால் மேடும் வராது பள்ளமும் வராது, அப்படியே சுற்றிக்கொண்டே போகலாம் என்று எங்களுக்குக் காட்டுவார். வெகு காலம் கழித்துப் பள்ளியில் மேப்பில் பழுப்புக் கோடுகளைப் பார்த்தபோது, அட, இது அப்பாவின் கரும்புக் கரை அல்லவா என்று தோன்றியது.

---

பீனிக்ஸ் தமிழன்
ஞாயிறு, இரவு 9:40

திசையறி ஓட்டம் சரியில்லை பெரியம்மா. திசை மட்டும் தெரிந்தால் போதாதே. வழிகாண் ஓட்டம்.

---

சாட்ஸ்வர்த் பெரியம்மா
ஞாயிறு, இரவு 9:44

வழியைக் காண்பது போக்குவரத்துப் போலீஸ் வேலை.

---

மட்டுறுத்துநர்
ஞாயிறு, இரவு 9:52

பெயர்ச் சண்டைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

---

சேலத்துக்காரன்
ஞாயிறு, இரவு 10:05

நரி, சீட்டைப் போடறேன். முதல் கன்ட்ரோல் 3:05. ரெண்டாவது 4:40. மூணாவது 14:22. நாலாவது 3:10. அஞ்சாவதுக்கு நேரா வெறும் கோடு. ஆறு 5:30ன்னு இருக்கு, அப்புறம் 4:11, 3:20, 2:45. கடைசி ஓட்டம் 48 செகண்டு. மொத்தம் 42:53. எல்லாத்துக்கும் கீழே தனியா '141 - 1:02'ன்னு ஒரு வரி இருக்கு, அது என்னன்னு புரியல.

பீப் சத்தம் சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க.

இன்னொண்ணு. காம்பஸும் வேலை செய்யல. சென்னைல வாங்கின நல்ல காம்பஸ், நான் காலேஜ்ல என்.சி.சி.ல இருந்தப்ப வாங்கினது. முள்ளு நகரவே மாட்டேங்குதுன்னு ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே சொன்னா. நான்தான், 'காம்பஸ் போனாப் போகுது கண்ணு, நிழலைப் பாரு, நிழல் விழற பக்கம் வடக்கு'ன்னு சொல்லி அனுப்பினேன். ஏற்காட்டுல நாங்கல்லாம் அப்படித்தான் சுத்தினோம்.

---

கோப்பி நரி
ஞாயிறு, இரவு 10:38

அய்யோ அங்கிள்.

ஒவ்வொண்ணா வர்றேன். முதல்ல காம்பஸ். பூமியோட காந்த இழுப்பு எல்லா ஊரிலும் படுத்த வாக்கில் இருக்காது. இந்தியாவோட தெற்கு முனை காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கு, அங்கே முள் கிட்டத்தட்டச் சமமா நிற்கும். ஜோபர்க்கில் அதே முள்ளோட தெற்கு நுனியைப் பூமி கீழ்நோக்கி இழுக்கும், 60 டிகிரிக்கும் மேலே சாய்வு. அதனால் இங்கே விற்கிற காம்பஸில் முள்ளை எதிர்ப்பக்கம் கொஞ்சம் கனமாக்கிச் சமன் பண்ணியிருப்பாங்க. உங்க சென்னைக் காம்பஸில் அது இல்லை. முள்ளோட நுனி அடித்தட்டில் உரசி நின்னுடும். கோளாறு காம்பஸில் இல்லை, அது வேற ஊர்க் காம்பஸ், அவ்வளவுதான். ஸ்டார்ட்டில் கேட்டிருந்தா யாராவது ஒண்ணு கொடுத்திருப்பாங்க.

ரெண்டாவது நிழல். இதைப் படிச்சுட்டு என் ரூம்மேட்டை எழுப்பிச் சொல்லிச் சிரிச்சேன், மன்னிச்சுக்கோங்க. இங்கே சூரியன் வடக்கே போகும் அங்கிள்! ஜோபர்க் மகர ரேகைக்கும் தெற்கே. வருஷம் முழுக்க நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும், நிழல் தெற்கே விழும். ஜூன் மாசம் காலை பத்து பத்தரைக்கு நிழல் தென்மேற்கே. நீங்க சொன்னதை அப்படியே நம்பினா மேப்பைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரிதான்.

இப்போ சீட்டு. ஸ்பிளிட் சீட்டு ஜாதகம் மாதிரி, பார்க்கத் தெரிஞ்சா எல்லாம் சொல்லும். மேப் என் கையில் இருக்கு. ரெண்டிலிருந்து மூணு வெறும் 350 மீட்டர். பாதையிலிருந்து ஒரு சின்ன மேடு தாண்டினா வந்துடும், அவளோட மத்த வேகத்தைப் பார்த்தா அஞ்சு நிமிஷம். 14:22 ஆகியிருக்கு. அப்படின்னா ஒன்பது நிமிஷம் தொலைஞ்சு போயிருக்கா. நிழல் வேலைன்னு நினைக்கிறேன். ஆனா பாருங்க, மூணாவதைத் தொட்டிருக்கா. முதல் போட்டியில், காம்பஸ் இல்லாம, வடக்கைத் தெற்குன்னு நினைச்சுக்கிட்டு, ஒன்பது நிமிஷம் தொலைஞ்சுட்டுத் தானாக் கண்டுபிடிச்சு வந்திருக்கா. இது யாருக்கும் சாதாரணமா வராது. நான் அவ வயசில் பாறை மேலே உக்காந்து அழுதேன், இன்னொரு பையனோட அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம் நாலு, சுத்தமா 3:10.

நாலிலிருந்து அஞ்சுதான் எனக்கு இடிக்குது. அவளோட அஞ்சாவது 114. அது மேட்டுக்கு அந்தப் பக்கம், ஓடையை ஒட்டி, 300 மீட்டர் இருக்கும். அவ தொட்டது 141, பெரிய பசங்களோட கொடி. நாலிலிருந்து மேல்பக்கம் ஒரு பாறைக் கும்பல், அதுக்குப் பக்கத்தில். நாலைத் தொட்டுட்டு ஒரு நிமிஷம் ரெண்டு செகண்டில் நேரா அங்கே போயிருக்கா. அதுவரைக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்னு மேப் பார்த்து நம்பர் பார்த்துப் போன பொண்ணு, இங்கே மட்டும் யோசிக்கவே இல்லை. யாரோ கூப்பிட்ட மாதிரி ஓடியிருக்கா.

அங்கிள், அந்தப் பாறைக்குப் பக்கத்திலேயே பிக்னிக் போறவங்க நடக்கிற பாதை ஒண்ணு போகுது. இல்லையா?

---

ரீயூனியன் வேலு
திங்கள், காலை 6:20

வணக்கம். இரவு படித்துவிட்டுத் தூங்கவே நேரமாகிவிட்டது. துப்பறியும் கதை மாதிரி போகிறது.

எங்கள் தீவில் இது பள்ளி உடற்கல்விப் பாடத்திலேயே வரும். 'கூர்ஸ் தோரியான்தாசியோன்' என்போம், கொடிக்கு 'பலீஸ்'. என் உடற்கல்வி ஆசிரியர் ஏத்தாங் சாலே காட்டில் இரண்டிரண்டு பேராக அனுப்புவார். அந்தக் காடு சமதரை, தப்பிக்க முடியாது, கடலோரம்தான் எல்லை. மேலே மலைப் பக்கம் கூட்டிப் போன பிறகுதான் பாடம் தெரிந்தது. மேப்பில் விரல் அகலம். நடுவில் ஒரு ரவீன், அதாவது செங்குத்தான பள்ளத்தாக்கு. பழுப்புக் கோடுகள் முடி மாதிரி நெருங்கிக் கிடக்கும். அந்தப் பக்கம் நிற்கிறவனோடு பேசலாம், ஆனால் அவன் இருக்கும் இடத்துக்குப் போக ஒரு மணி நேரம். இதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூரத்தை எண்ணுவதற்கு முன் கோட்டைத்தான் எண்ணுவார்கள்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்லும் உவமை கோயில் குளம். நாலு பக்கமும் படிக்கட்டு. தண்ணீர் எந்தப் படியைத் தொடுகிறதோ அந்தப் படி சுற்றிலும் ஒரே உயரம். தண்ணீர் ஒரு படி இறங்கினால் அடுத்த கோடு. அந்தக் குளத்தைக் கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் தெரிவதுதான் மேப். படிகள் நெருக்கமாகத் தெரிந்தால் செங்குத்து, அகன்று தெரிந்தால் ஏறுவது சுலபம். மலை என்பது கவிழ்த்து வைத்த குளம். ஓரியன்டியரிங் மேப்பில் ஒரு படிக்கு வழக்கமாக 5 மீட்டர்.

---

லெனேசியா குமார்
திங்கள், காலை 7:05

குளம், கரும்பு எல்லாம் சரி. நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு என்ன?

---

கோப்பி நரி
திங்கள், காலை 7:48

நியாயமான கேள்வி குமார் அங்கிள். 'ஒண்ணும் ஆகாது'ன்னு நான் சொல்ல மாட்டேன். இது ஜோபர்க்.

நான் ஓடின இடங்களில் பார்த்ததைச் சொல்றேன். சாலைக்கோ வேலிக்கோ பக்கத்தில் இருக்கிற கன்ட்ரோல்களில் ஆள் நிறுத்துவாங்க, சில இடத்தில் செக்யூரிட்டி கார்டு. சின்னப் பிள்ளைங்க கோர்ஸ் எல்லாம் பார்க்கிங்கிலிருந்து ரொம்பத் தூரம் போகாது, பாதையை ஒட்டியே இருக்கும். போட்டியில் சேராம ஓடற கோர்ஸில் ரெண்டு பேர் சேர்ந்தோ அப்பா அம்மாவோடயோ போகலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எல்லார் கழுத்திலும் விசில் இருக்கணும், ஒரு நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதினா 'உதவி வேணும்'னு அர்த்தம். கேட்டவன் தன் போட்டியை விட்டுட்டு ஓடணும், அதுவும் விதிதான்.

எல்லாத்தையும் விட முக்கியம், பாதியில் விட்டாலும் ஃபினிஷுக்கு வந்து சிப்பைக் கொடுத்தே ஆகணும். கோபத்தில் நேரா காருக்குப் போய்ட்டா, மலையில் ஒருத்தர் குறையுதுன்னு கணக்கு காட்டும், இருட்டும் வரைக்கும் தேடுவாங்க. ஒரு தடவை அப்படித் தேடினோம். ஆள் வீட்டில் ரக்பி பார்த்துக்கிட்டு இருந்தார்.

பாம்பு: ஜூன், ஜூலை குளிரில் அதிகம் வெளியே வராது. இருந்தாலும் பஃப் ஆடர் விலகிப் போகாமப் படுத்தே கிடக்கும், அதனால் பாறை மேலே கை வைக்கறதுக்கு முன்னாடி பார்க்கணும். நம்ம ஊர் விரியனுக்கு இது உறவுதான்.

---

வெஸ்ட்வில் அம்மா
திங்கள், காலை 9:10

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என் ரெண்டு பசங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, இந்த இழையைப் பார்த்ததும் ஆசை வந்துடுச்சு. என்ன உடுப்பு, என்ன ஷூ? டர்பனிலிருந்து மேலே வந்து ஓடினா மூச்சு வாங்குமா?

---

கோப்பி நரி
திங்கள், காலை 9:33

வாங்கும் ஆன்ட்டி. ஜோபர்க் கடல் மட்டத்துக்கு மேலே 1,700 மீட்டர் அளவு. முதல் மேட்டிலேயே தெரிஞ்சுடும். ஒரு நாள் முன்னாடியே வந்தா பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பழகும், இல்லைன்னா மெதுவா ஆரம்பிக்கச் சொல்லுங்க.

முழுக்கால் பேன்ட், நீளமான சாக்ஸ். பழைய டாக்கிஸ் (ரப்பர் அடி ஷூ) போதும், அடியில் பிடிப்பு இருக்கணும். பிளாக்ஜாக் விதை சாக்ஸில் ஊசி ஊசியாக் குத்திக்கிட்டு வரும், அன்னிக்கு ராத்திரி டிவி பார்த்துக்கிட்டே பிடுங்க வேண்டியதுதான்.

---

சாட்ஸ்வர்த் பெரியம்மா
திங்கள், காலை 9:50

வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்க உண்ணி பாருங்கள் அம்மா. காதுக்குப் பின்னால், இடுப்பில், முழங்காலுக்குப் பின்னால். கடித்த இடத்தில் கரும்புள்ளி மாதிரிப் பொருக்கு கட்டி, ஒரு வாரத்தில் தலைவலியும் காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் 'புல்லில் ஓடினான்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிக் பைட் காய்ச்சலுக்கு நல்ல மருந்து இருக்கிறது. சொல்லாவிட்டால் ஃப்ளூ என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் தங்கை மகனுக்கு அப்படித்தான் நடந்தது.

சேலத்துக்காரத் தம்பி எங்கே காணோம்?

---

சேலத்துக்காரன்
திங்கள், இரவு 8:15

இருக்கேங்க. ஆபீஸ்லயே நாலு தடவை படிச்சேன். சொல்லிடறேன்.

ஃபினிஷ்லதான் நின்னேன். பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, இருபது நிமிஷம் ஆச்சு. எங்க பொண்ணுக்கு அப்புறம் கிளம்பின பிள்ளைங்களே வர ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு இருப்புக் கொள்ளல. போட்டோ எடுக்கற மாதிரி அந்தப் பிக்னிக் பாதைல ஏறினேன். பாறை மேல நின்னு பார்த்தா, கீழே புல்லுக்குள்ள மஞ்சள் சட்டை. நாலாவது கொடிகிட்ட நின்னு மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருக்கா. தொலைஞ்சுட்டான்னுதான் நினைச்சேன். என் காலடில, பத்தடி தூரத்துல ஒரு ஆரஞ்சுக் கொடி தொங்குது.

'கண்ணு! இங்க பாரு, கொடி இங்க இருக்கு!'ன்னு கத்தினேன். தமிழ்லதான் கத்தினேன், வேற யாருக்குப் புரியப் போகுதுன்னு. ஓடி வந்தா. பீப் சத்தம் கேட்டுது. என்னைப் பார்த்தா, ஒண்ணும் சொல்லல, திரும்பி ஓடிட்டா.

தொலைஞ்சது அங்க இல்ல, முன்னாடி மூணாவதுலன்னு நேத்து நரி எழுதினதைப் படிச்சப்பதான் தெரியும்.

---

கோப்பி நரி
திங்கள், இரவு 8:31

உண்மையைச் சொன்னதுக்கு நன்றி அங்கிள். கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.

விதியையும் சொல்லிடறேன். போட்டி நடக்கும்போது வெளி ஆள் வழி காட்டினா அதுவே தகுதி நீக்கத்துக்குப் போதும். எம்.பி. ஆகாம இருந்திருந்து, இதை யாராவது சொல்லியிருந்தா, அது இதைவிட அவமானம். அதனால் மேல்முறையீட்டை மறந்துடுங்க.

அவ கவனிச்சிருந்தா இன்னொண்ணும் பண்ணியிருக்கலாம், அடுத்த தடவைக்குச் சொல்லி வைங்க. தப்பான கொடியைத் தொட்டது குற்றமில்லை, கூடுதலாத் தொட்டதைக் கம்ப்யூட்டர் கண்டுக்காது. சரியானதைத் தொடாம விட்டதுதான் குற்றம். 141ஐத் தொட்டுட்டு நம்பர் தப்புன்னு தெரிஞ்சதும் 114க்குப் போய்த் தொட்டுட்டு, பிறகு ஆறுக்குப் போயிருந்தா, நேரம்தான் போயிருக்கும், பேர் இருந்திருக்கும்.

---

சாட்ஸ்வர்த் பெரியம்மா
திங்கள், இரவு 8:44

தமிழில் கத்தினால் யாருக்கும் புரியாது என்றா நினைத்தீர்கள்? தம்பி, இந்த நாட்டுக்கு நம் ஆட்கள் முதல் கப்பலில் வந்தது 1860இல். மெட்ராஸிலிருந்து. அந்த மலையில் அன்று எத்தனை ஆயாவும் தாத்தாவும் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்களோ.

---

சேலத்துக்காரன்
திங்கள், இரவு 8:52

ஒரு அம்மா இருந்தாங்க பெரியம்மா. கீழே இறங்கினதும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. இப்பதான் ஏன்னு புரியுது.

---

லெனேசியா குமார்
திங்கள், இரவு 9:00

யார் கண்டுபிடிச்சாங்க இப்படி ஒரு விளையாட்டை? அப்பனைக் கட்டிப் போட்டுட்டுப் பிள்ளையைக் காட்டுல விடறது.

---

கோப்பி நரி
திங்கள், இரவு 9:12

ஸ்கேண்டிநேவியாக்காரங்க அங்கிள். பட்டாளத்துப் பயிற்சியா ஆரம்பிச்சது. பொதுமக்களுக்கு முதல் போட்டி 1897இல் நார்வேயில். 1919இல் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர்னு ஒரு ராணுவ அதிகாரி, சாரணர் தலைவரும் கூட, பெரிய அளவில் நடத்தினார். மைதானத்தில் சுத்திச் சுத்தி ஓடறதில் இளசுங்களுக்கு ஆர்வம் போயிடுச்சேன்னு காட்டுக்குக் கூட்டிப் போனாராம். 1961இல் பத்து நாடு சேர்ந்து உலக அமைப்பு. 1966இல் ஃபின்லாந்தில் முதல் உலகப் போட்டி. அவங்களுக்குக் காடுன்னா வீட்டுக் கொல்லை மாதிரி. நமக்குத்தான் காடுன்னா ராமர் போன இடம்.

---

சேலத்துக்காரன்
செவ்வாய், மாலை 5:30

இது அப்பா இல்லை. நான் அவர் மகள். அப்பா இந்தத் தளத்தைக் காட்டிப் படிச்சுச் சொன்னாங்க. நான் எழுதட்டுமான்னு கேட்டேன். மெதுவாத்தான் அடிக்கிறேன், என் எழுத்துப் பிழையை அப்பா திருத்துறாங்க.

நரி அக்கா, நீங்க சொன்னது சரி. மூணாவதுக்குப் போகும்போது நிழலைப் பார்த்து மேப்பைத் திருப்பினேன். போய்க்கிட்டே இருந்தேன். ஓடை வலது பக்கம் வரணும்னு மேப்ல இருந்தது, ஆனா இடது பக்கம் வந்தது. அப்போ வட்டமா ஒரு கல் சுவர் பார்த்தேன். பாதி இடிஞ்சது. அந்த மலையில் முன்னாடி ட்ஸ்வானா மக்கள் ஊர் இருந்ததுன்னும், அவங்க மாட்டுக்கும் வீட்டுக்கும் கட்டின சுவர் இன்னும் இருக்குன்னும் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்போ சொன்னாங்க. மேப்ல தேடினேன். கறுப்புக் கோட்டில் புள்ளி வெச்சு வட்டம் வட்டமா மூணு இருந்தது. நான் எந்த வட்டத்துல நிக்கிறேன்னு தெரியல. அதனால மூணையும் நடந்து பார்த்தேன். நடுவுல இருந்ததுதான் பெரிசு. நான் நின்னது சின்னது. அங்கேருந்து மேப்பைத் திருப்பினா எல்லாம் சரியா வந்துடுச்சு. அப்பா சொன்ன வடக்கு தப்புன்னு அப்பவே தெரியும். அப்புறம் நிழலைப் பார்க்கல.

நாலாவதுல நான் தொலையல. அஞ்சுக்கு மேட்டு மேல ஏறிப் போகலாமா, சுத்திப் பாதையில போகலாமான்னு யோசிச்சேன். சுத்திப் போகலாம்னு முடிவு பண்ணிட்டேன். அப்போ அப்பா கூப்பிட்டாங்க.

நம்பர் பார்த்தேன் அக்கா. 141ன்னு பார்த்தேன். சீட்டுல 114. அப்பா அவ்வளவு சந்தோஷமா நின்னாங்க. அதனால தொட்டுட்டுப் போய்ட்டேன். திரும்ப 114க்குப் போகலாம்னு எனக்குத் தெரியாது.

கார்ல நான் கோபமா இல்ல. கால் வலிச்சது. ஏழாவதுகிட்ட ஒரு பிளெஸ்பக் மான் என்னைப் பார்த்துக்கிட்டே நின்னது, அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன்.

---

ரீயூனியன் வேலு
செவ்வாய், மாலை 6:02

மூன்று வட்டத்தையும் நடந்து பார்த்தாளாம். எங்கள் ஆசிரியர் இதைப் படித்தால் எங்கள் வகுப்பு மொத்தத்தையும் திரும்ப ஏத்தாங் சாலேக்கு அனுப்பியிருப்பார்.

---

கோப்பி நரி
செவ்வாய், இரவு 7:20

தங்கச்சி, என்கிட்ட ஒரு பழைய கட்டைவிரல் காம்பஸ் இருக்கு, இந்த ஊர்ச் சமனில் செஞ்சது. அடுத்த மாசம் பிரிட்டோரியா பக்கம் நடக்கிற போட்டிக்கு வா, ஸ்டார்ட்டில் தர்றேன். மேப்பை மடிச்சு, நீ நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வெச்சுக்கிட்டே ஓடணும், விரல் உன்கூடவே நகரணும். ஒரு நாளில் பழகிடும். அந்த மேப்பில் இருக்கிற வடக்குக் கோடு காந்த வடக்கு. பள்ளிப் புவியியல் மேப் மாதிரி இல்லை, அதனால் இங்கே 20 டிகிரி கூட்டிக் கழிக்கற வேலையெல்லாம் கிடையாது. முள்ளும் கோடும் ஒண்ணா நின்னாப் போதும்.

அப்பாவையும் கூட்டிட்டு வா. ஃபினிஷில் தண்ணி ஊத்திக் கொடுக்க ஆள் வேணும். அங்கேருந்து மலை தெரியாது.

---

சேலத்துக்காரன்
செவ்வாய், இரவு 8:10

இப்ப நான்தாங்க. தண்ணி ஊத்தறேன். பாறை பக்கம் போக மாட்டேன்.

சென்னைக் காம்பஸை ஷோகேஸ்ல வெச்சாச்சு.

---

லெனேசியா குமார்
செவ்வாய், இரவு 8:26

சேலம், உங்க கார்ல ஒரு இடம் இருக்குமா? என் தம்பி மகன் ரெண்டு நாளா நச்சரிக்கறான். நானும் வர்றேன், சும்மா பார்க்கத்தான். பட்கோஸ் (வழிச் சாப்பாடு) நான் கொண்டு வர்றேன். அவனுக்கு இப்ப 12, டிசம்பர்ல 13 ஆகுது. இந்தப் பாப்பா ஓடற 12லதானே அவனும் வருவான்?

---

கோப்பி நரி
செவ்வாய், இரவு 8:34

வராது அங்கிள். அந்தக் காலண்டர் வருஷம் முடியறதுக்குள்ள எட்டற வயசுதான் கணக்கு. டிசம்பரில் 13ன்னா இப்பவே எம் 14, பையன்களோட 14 வயசுப் பிரிவுதான். கோர்ஸ் கொஞ்சம் நீளம், பாதையை விட்டு உள்ளேயும் போகணும்.

---

லெனேசியா குமார்
செவ்வாய், இரவு 8:37

பாதையை விட்டு உள்ளேயா?

---

சேலத்துக்காரன்
செவ்வாய், இரவு 8:41

இடம் இருக்குங்க. காலைல ஆறு மணிக்குக் கிளம்பிடுவோம். தண்ணி ஊத்த ரெண்டு பேர் வேணுமான்னு நரிகிட்ட கேட்டுச் சொல்றேன்.